சின்ன விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்குவது: புதிதாகப் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் தனியார் ஓட்டும் சிறு விமானங்களின் விபத்துகளில், விமானியின் தவறால் வருபவற்றை மட்டும் பிரித்துப் பார்த்தால், எண்ணிக்கையில் முதலிடம் தரையிறங்கும்போது நடப்பவைக்குத்தான். இவற்றில் உயிர் போவது அபூர்வம். மூக்குச் சக்கரம் ஒடியும், ப்ரொப்பல்லர் வளையும், இறக்கை தரையில் உரசும். விமானி கதவைத் திறந்து இறங்கி நடந்து வந்துவிடுவார். அதனாலேயே பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொரு விஷயமும் உண்டு. அங்குள்ள விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி.யின் விதிப்படி, சக்கரம், டயர், பிரேக், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை), இறக்கை நுனி ஆகியவற்றோடு நின்றுவிடும் சேதம் ‘பெரும் சேதம்’ என்ற கணக்கில் வராது. யாருக்கும் பலத்த காயமும் இல்லையென்றால் அது விபத்தாகவே எண்ணப்படாது. ஆக, பட்டியலில் தெரிவதைவிட நிஜத்தில் நடப்பது நிறைய.

பயிற்சியைத் தொடங்கி, சோலோவுக்கு (தனியாகப் பறப்பதற்கு) முன்னும் பின்னும் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எண்கள் வரும் இடங்களில் செஸ்னா 172எஸ் மாடலை எடுத்துக்கொள்கிறேன். உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் இருப்பது 172 வகைதான். உங்கள் விமானம் வேறு என்றால் அதன் கையேட்டில் உள்ள எண்களையே எடுங்கள். உங்கள் இன்ஸ்ட்ரக்டர் சொல்வதும் இதில் இருப்பதும் மோதினால் அவரிடம் காரணம் கேளுங்கள். நல்ல இன்ஸ்ட்ரக்டருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

முதலில் சொல்லிவிட வேண்டியது ஒன்று. ரன்வேயில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை ரன்வேயில் தொடங்குவதில்லை. ஒரு மைல் பின்னால், 500 அடி உயரத்தில், வேகம் பத்து நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) கூடுதலாக இருந்தபோதே தொடங்கியிருக்கும். அங்கிருந்து சக்கரம் தரையைத் தொடும்வரை, த்ராட்டிலை (இன்ஜின் பவரைக் கூட்டும் பிடியை) முழுக்கத் தள்ளிவிட்டு மேலே போக நேரம் இருந்திருக்கும். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அந்தக் கண்ணோடு படியுங்கள்: இந்த இடத்தில் எது கெட்டுப்போகும், கெட்டால் எப்போது விட்டுவிட வேண்டும்?

கிளம்பும் முன்: ரன்வே போதுமா?

கையேட்டில் தரையிறங்கும் தூரத்துக்கு ஒரு அட்டவணை இருக்கும். முழு எடையான 2,550 பவுண்டில், கடல் மட்டத்தில், காற்றே இல்லாத நாளில், 50 அடி உயரத் தடையைத் தாண்டி இறங்கி நிற்க 172எஸ்ஸுக்கு 1,335 அடி வேண்டும். அதில் தரையில் ஓடுவது 575 அடி. படித்தால் தாராளமாகத் தோன்றும். ஆனால் ஃபிளாப்பை முழுக்க இறக்கி, 50 அடியில் சரியாக 61 நாட்டில் வந்து, காய்ந்த தார் ரன்வேயில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால்தான் அந்த எண் வரும். அதுவும் புது விமானம், கைதேர்ந்த விமானி.

இப்போது அதே அட்டவணையின் அடிக்குறிப்புகளைப் பாருங்கள். பின்காற்று ஒவ்வொரு 2 நாட்டுக்கும் தூரத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டும். 8 நாட் பின்காற்று என்றால் 40 சதவீதம். 1,335 அடி ஏறக்குறைய 1,870 அடியாகிவிடுகிறது. புல் ரன்வே என்றால், புல் காய்ந்திருந்தாலும், தரையில் ஓடும் தூரத்தில் 45 சதவீதத்தைச் சேர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 2,100 அடியைத் தாண்டும். அதே சமயம் எதிர்காற்றோ 9 நாட்டுக்கு 10 சதவீதம்தான் குறைத்துக் கொடுக்கும். பின்காற்று எடுத்துக்கொள்வதில் பாதிகூட எதிர்காற்று திருப்பித் தருவதில்லை. “லேசான பின்காற்றுதானே, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக இறங்குவானேன்” என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், பழகும் காலத்தில் அட்டவணைத் தூரத்தோடு இன்னொரு பாதியைச் சேர்த்து, அதற்கும் மேல் நீளமுள்ள ரன்வேக்கு மட்டுமே போங்கள்.

மலைப்பகுதிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. கொலராடோவில் உள்ள லெட்வில் விமான நிலையம் 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் வேக மீட்டரில் அதே 61 நாட்தான் காட்டும், அதே 61-இல்தான் வர வேண்டும். ஆனால் காற்று மெலிந்திருப்பதால் விமானத்தின் உண்மை வேகம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடுதல். தரை வேகமாக ஓடுவதுபோலக் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்து மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கத் தோன்றும். கண்ணை நம்பாமல் மீட்டரை நம்ப வேண்டிய இடம் அது.

டவுன்விண்டில்: காற்று என்ன சொல்கிறது?

இறங்கும் முன் ரன்வேயைச் சுற்றிவரும் பாதைக்கு சர்க்யூட் என்று பெயர். அதில் ரன்வேக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறப்பது டவுன்விண்ட்; அங்கிருந்து ரன்வே பக்கமாகக் குறுக்கே திரும்பிப் பறப்பது பேஸ்; ரன்வேக்கு நேராக இறங்கி வருவது ஃபைனல். செக்லிஸ்ட்டை டவுன்விண்டிலேயே முடித்துவிடுங்கள். ஃபைனலில் தலையைக் குனிந்து எதையும் தேடக் கூடாது.

அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்களில் பத்தில் ஒன்றில்தான் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்கும். மற்ற இடங்களில் காற்றுப்பையைப் பார்த்து ரன்வேயைத் தேர்வு செய்வது உங்கள் வேலை. முன்னால் இறங்கியவர் எந்தப் பக்கம் இறங்கினாரோ அதே பக்கம் போவது வசதிதான். அவர் இறங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தால் காற்று மாறியிருக்கலாம்.

டவுன்விண்டில் பறக்கும்போது காற்று உங்களை ரன்வே பக்கமாகத் தள்ளுகிறதா என்று கவனியுங்கள். தள்ளினால், பேஸுக்குத் திரும்பியதும் அதே காற்று பின்னாலிருந்து உங்களை உந்தும். பேஸ் சீக்கிரம் முடிந்துவிடும், ஃபைனல் கோட்டைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அடுத்த பகுதியில் சொல்லப்போகும் உயிர்க்கொல்லி விபத்துக்கு விதை இதுதான். தள்ளுகிறது என்று தெரிந்தால் டவுன்விண்டைக் கொஞ்சம் தள்ளி, அகலமாகப் பறங்கள். பேஸிலிருந்து சீக்கிரமே திரும்பத் தொடங்குங்கள்.

பேஸிலிருந்து ஃபைனலுக்கு: இங்கேதான் உயிர் போகிறது

தரையிறக்கத்தில் உயிர்ச்சேதம் குறைவு என்றேனே, அதற்கு விதிவிலக்கு இந்தத் திருப்பம். கோட்டைத் தாண்டிப் போய்விட்ட விமானி ரன்வேயைப் பிடிக்க இன்னும் சாய்க்கிறார். சாய்வு பயமாக இருக்கிறது. அதனால் சாய்வைக் கூட்டாமல் உள்பக்க ரட்டரை (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகையின் பெடலை) மிதித்து மூக்கைத் திருப்பப் பார்க்கிறார். மூக்கு கீழே போகிறது. அதைத் தூக்க யோக்கை (கையில் பிடித்து ஓட்டும் பிடியை) இழுக்கிறார். ஸ்டால் ஆகும்போது (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்போது) கீழ்ப்பக்க இறக்கை முதலில் விழுகிறது, விமானம் சுழலத் தொடங்குகிறது. அப்போது உயரம் சுமார் 500 அடி. சுழலிலிருந்து மீள அந்த உயரம் போதாது.

எண்களைப் பாருங்கள். ஃபிளாப் இறக்காத 172எஸ் நேராகப் பறக்கும்போது மீட்டரில் 48 நாட்டில் ஸ்டால் ஆகும். உயரத்தைப் பிடித்துக்கொண்டு 30 டிகிரி சாய்த்தால் 52. 45 டிகிரியில் 57. 60 டிகிரியில் 68. பேஸில் நீங்கள் வரும் வேகமே ஏறக்குறைய 70 நாட். இடைவெளி எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது எளிது: சர்க்யூட்டில் 30 டிகிரிக்கு மேல் சாய்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லிப் பந்து (விமானம் பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று காட்டும் கருவியில் உள்ளது) நடுவில் இருக்கட்டும். அந்தச் சாய்வில் கோட்டைப் பிடிக்க முடியவில்லையா, சரி, இந்த முறை இறங்கவில்லை. இறக்கைகளை நேராக்கி, பவரைக் கொடுத்து, மேலே போங்கள். தாண்டிப் போனது குற்றமில்லை. அதைத் திருத்தப் போய்த்தான் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

ஃபைனலில்: வேகம், வேகம், வேகம்

எல்லாப் படிகளிலும் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ரன்வேயைத் தாண்டி ஓடுவது, துள்ளுவது, மூக்குச் சக்கரம் முதலில் இறங்கி ஒடிவது எல்லாம் கூடுதல் வேகத்தில் தொடங்குபவை. தரையை அடித்து இறங்குவது பெரும்பாலும் குறைந்த வேகத்தில் தொடங்கும்.

ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்திருப்போம். 61 நாட்டுக்குப் பதில் 71 நாட்டில் வந்தால் வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடுதல். ஆற்றலோ 35 சதவீதம் கூடுதல். அந்தக் கூடுதல் எங்காவது செலவாக வேண்டும். ரன்வேக்கு மேல் சில அடி உயரத்தில் விமானம் மிதந்துகொண்டே போகும். சில நூறு அடி கண்முன்னே கரையும். பொறுமை இழந்த விமானி யோக்கை முன்னால் தள்ளி விமானத்தைத் தரையில் ‘வைக்க’ப் பார்ப்பார். அடுத்து நடப்பதைத் துள்ளல் பகுதியில் பார்ப்போம்.

எந்த வேகத்தில் வர வேண்டும்? ஸ்டால் வேகத்தைப் போல 1.3 மடங்கு என்று ஒரு விதி சொல்வார்கள். விதி சரி, ஆனால் அதை மீட்டரில் உள்ள எண்ணோடு அப்படியே பெருக்காதீர்கள். முழு ஃபிளாப்பில் 172எஸ் ஸ்டால் ஆகும்போது மீட்டர் 40 காட்டும். கருவிப் பிழையைத் திருத்தினால் அது உண்மையில் 48. மூக்கு நிமிர்ந்து மெதுவாகப் பறக்கும்போது மீட்டர் குறைத்துக் காட்டுவதால் வரும் வித்தியாசம் இது. 40-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 52 வரும். அந்த வேகத்தில் வருவது ஆபத்து. 48-ஐப் பெருக்கினால் 62 வரும், அது கையேடு சொல்லும் 61-க்கு ஒட்டி வருகிறது. அதனால் பெருக்கல் வேலையை விட்டுவிட்டுக் கையேட்டு எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். சாதாரணத் தரையிறக்கத்துக்கு முழு ஃபிளாப்போடு 60 முதல் 70 வரை என்று கையேடு இடம் கொடுக்கிறது. நான் 65-ஐப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். காற்று விட்டு விட்டு வீசினால், வீச்சுக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கூட்டுங்கள். 10 நாட் காற்று அவ்வப்போது 18 ஆகிறது என்றால் 4 நாட் கூடுதல். “பாதுகாப்புக்கு” என்று அதற்கு மேல் ஒரு பத்தைச் சேர்ப்பது பாதுகாப்பு ஆகாது.

வேகத்தைப் பிடித்துவைக்கும் வழி ட்ரிம், அதாவது யோக்கைக் கையால் அழுத்திப் பிடிக்காமலே அந்த நிலையில் நிற்கவைக்கும் அமைப்பு. கையை யோக்கிலிருந்து ஒரு நொடி எடுத்தாலும் விமானம் அதே வேகத்தில் வர வேண்டும். யோக்கைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ இருக்கிறீர்கள் என்றால் ட்ரிம் சரியில்லை.

இறங்கும் கோணத்துக்கு: ரன்வேயில் ஓர் இடத்தைக் குறிவைத்துப் பாருங்கள். அந்த இடம் கண்ணாடியில் மேலே நகர்ந்தால் முன்னாலேயே விழுகிறீர்கள்; கீழே நகர்ந்தால் தாண்டிப் போகிறீர்கள்; அசையாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் சரியாக வருகிறீர்கள். ஓரத்தில் பாப்பி விளக்குகள் (இறங்கும் கோணத்தை நிறத்தால் காட்டுபவை) இருந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிய வேண்டும். ஆனால் ஒரு மயக்கம் உண்டு: நீங்கள் பழகியதைவிடக் குறுகலான ரன்வே, உயரமாக இருக்கிறோம் என்ற எண்ணத்தைத் தரும், அதை நம்பித் தாழ்ந்து வருவீர்கள். மேல்நோக்கிச் சரிந்த ரன்வேயும் அப்படித்தான். அகலமான ரன்வே நேர்மாறு; அங்கே பலர் உயரத்திலேயே ஃபிளேர் (தரையை நெருங்கியதும் மூக்கைத் தூக்கி இறக்கத்தைக் குறைப்பது) செய்துவிட்டுத் தொப்பென்று விழுவார்கள்.

இப்போது வாசல், அதாவது தொடர்வதா விடுவதா என்று முடிவெடுக்கும் இடம். 500 அடியில் வாய்விட்டுச் சொல்லுங்கள்: வேகம் சரியா, கோட்டில் இருக்கிறேனா, இறங்கும் வீதம் சீராக இருக்கிறதா, ஃபிளாப் வேண்டிய அளவில் இருக்கிறதா. ஒன்று பொருந்தவில்லை என்றாலும் கோ அரவுண்ட் (இறங்காமல் பவர் கொடுத்து மேலே போவது). அமெரிக்கத் தனியார் விமானி உரிமத் தேர்வில் இந்த வேகத்துக்கு +10, –5 நாட் வரை அனுமதி உண்டு. குறித்த இடத்திலிருந்து 400 அடிக்குள் சக்கரம் தொட வேண்டும். பயிற்சியில் உங்களுக்கு நீங்களே +5, –0 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளேர்

கண் எங்கே இருக்கிறதோ கை அதற்கேற்ப நடக்கும். மூக்குக்கு நேர் கீழே பார்த்தால் தரை ஓடும் வேகத்தில் உயரம் தெரியாது. ரன்வேயின் தூர முனைக்குப் பார்வையை மாற்றுங்கள். ஓரங்கள் கண்ணின் பக்கவாட்டில் எழுந்து வருவது தெரியும். த்ராட்டிலை மூடி, விமானம் கீழே போகப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே வாருங்கள். விமானம் தரையைத் தொட அவசரப்படும்; நீங்கள் அதைத் தொடவிடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் அதற்குப் பறக்கச் சக்தியில்லாதபோது பிரதான சக்கரங்கள் முதலில், மூக்குச் சக்கரம் காற்றில் இருக்கும்படி தொடும்.

இழுத்தது அதிகமாகி விமானம் மேலே எழும்பினால், சற்றுதான் என்றால் யோக்கை அப்படியே பிடித்து, சிறிது பவர் கொடுத்து மறுபடி இறங்கவிடுங்கள். பத்து அடிக்கு மேல் போய், வேகமும் விழுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். கோ அரவுண்ட்.

துள்ளினால் என்ன செய்வது

புதியவர்கள் அதிகம் விமானத்தை உடைப்பது இங்கே. நடப்பதை ஒவ்வொரு நொடியாகச் சொல்கிறேன்.

வேகம் கூடுதலாக இருக்கும்போது சக்கரம் தரையைத் தொடுகிறது. இறக்கைக்கு இன்னும் தூக்கும் சக்தி இருப்பதால் விமானம் மேலே குதிக்கிறது. மூக்கு நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறது. பயந்துபோன கை யோக்கை முன்னால் தள்ளுகிறது. தள்ளியதன் விளைவு தெரிய ஒரு நொடி ஆகும். அதற்குள் விமானமே கீழ்நோக்கித் திரும்பியிருக்கும், நீங்கள் தள்ளியதும் அதோடு சேர்கிறது. இந்த முறை மூக்குச் சக்கரம்தான் முதலில் தரையை அடிக்கும். அது இன்னும் பலமாக மூக்கை மேலே எறியும். மறுபடி தள்ளுவீர்கள். ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடப் பெரிது. இரண்டாவது அல்லது மூன்றாவதில் மூக்குச் சக்கரம் மடங்கி ப்ரொப்பல்லர் தார் ரோட்டை வெட்டும். மூக்குச் சக்கரத்தின் தாங்கிகள் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வாலில் பொருத்தப்பட்டிருப்பதால் அந்தத் தகடும் சுருங்கும்.

அதனால் விதி இது: துள்ளிய பிறகு யோக்கை முன்னால் தள்ளித் துள்ளலைத் துரத்தாதீர்கள். லேசான துள்ளல் என்றால், மூக்கை இறங்கும் நிலையில் அசையாமல் பிடித்து, ஒரு பிடி பவர் கொடுத்து, மறுபடி ஃபிளேர் செய்து இறங்குங்கள். ரன்வே மீதம் இருக்க வேண்டும், இறக்கைகள் நேராக இருக்க வேண்டும். பெரிய துள்ளல் அல்லது இரண்டாவது துள்ளல் என்றால் முழு பவர், மேலே போங்கள். இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போது வேண்டுமென்றே துள்ளவைத்து மீட்பதைப் பழகிக்கொள்ளுங்கள். சோலோவில் முதல்முறையாகச் சந்திக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

குறுக்குக் காற்றில்

ரன்வேக்கும் காற்றுக்கும் இடையிலான கோணம் 30 டிகிரி என்றால் காற்றில் பாதி பக்கவாட்டில் அடிக்கிறது. 45 என்றால் பத்தில் ஏழு பங்கு. 60-க்கு மேல் கிட்டத்தட்ட முழுவதும். 172எஸ் கையேட்டில் 15 நாட் என்று ஓர் எண் உண்டு. சோதனைப் பறப்பில் செய்துகாட்டியது அவ்வளவு என்பதுதான் அதன் பொருள். உங்களால் முடிந்தது எவ்வளவு என்பது வேறு எண். சோலோ தொடக்கத்தில் அதை இன்ஸ்ட்ரக்டரோடு பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஐந்து, ஆறு நாட்டில் ஆரம்பிப்பது நியாயமானது.

முறை: காற்று வரும் பக்கத்து இறக்கையை ஏலரானால் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகையால்) தாழ்த்துங்கள், எதிர் ரட்டரால் மூக்கை ரன்வேக்கு நேராகப் பிடியுங்கள். ஏலரான் பக்கவாட்டு நகர்வைக் கவனிக்கிறது, ரட்டர் மூக்கைக் கவனிக்கிறது. காற்றுப் பக்கச் சக்கரம் முதலில் தொடும், அது சரிதான். முழு ரட்டர் மிதித்தும் மூக்கு நேராக வரவில்லையா? இந்த ரன்வே இன்றைக்கு உங்களுக்கு இல்லை. காற்றுக்கு ஒத்துவரும் ரன்வே உள்ள வேறு விமான நிலையத்துக்குப் போக எரிபொருள் கையில் இருக்க வேண்டும் என்பதை அதனால்தான் கிளம்பும்போதே பார்க்கச் சொல்கிறோம்.

சக்கரம் தொட்ட பிறகு

தொட்டவுடன் முடிந்தது என்று மனம் தளரும். காற்றுக்கு அது தெரியாது. விமானம் மெதுவாக ஆக ஆக ரட்டரின் பிடி குறையும். குறுக்குக் காற்று வாலைத் தள்ளி மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பும். பல சிறு விமானங்கள் ரன்வே ஓரப் புல்லில் போய் நிற்பது இப்போதுதான். காற்றுப் பக்கத்து ஏலரானை எடுத்துவிடாமல், வேகம் குறையக் குறைய இன்னும் கூட்டிக்கொண்டே போங்கள். டாக்ஸிவேயில் திரும்பி நிற்கும்வரை விமானத்தை ஓட்டிக்கொண்டே இருங்கள். வால் சக்கர விமானங்களில் இது இரட்டிப்பு முக்கியம்.

பிரேக்கை மிதிக்கும் முன் மூக்குச் சக்கரம் இறங்கியிருக்க வேண்டும், யோக்கு பின்னால் இருக்க வேண்டும். யோக்கை முன்னால் தள்ளி வேகத்தோடு ஓடினால் பாரம் முழுக்க மூக்குச் சக்கரத்தில் விழும், பிரதான சக்கரங்கள் லேசாகிவிடும். ஸ்டியரிங் திடீரென்று பிடித்து இழுக்கும்.

கோ அரவுண்ட்: இதையே அதிகம் பழகுங்கள்

பயிற்சியில் தரையிறக்கத்தை நூறு முறை செய்பவர்கள் கோ அரவுண்டை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செய்கிறார்கள். எனக்கு இது புரிவதே இல்லை. எல்லாத் தவறுகளுக்கும் மருந்தாக இருக்கும் ஒரு செயலை ஏன் இவ்வளவு குறைவாகப் பழக வேண்டும்? அதைச் சரியாகச் செய்யாததாலும் விபத்து வருகிறது, அதனால் வரிசையை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் பவர், முழுக்க. கார்புரேட்டர் உள்ள பழைய மாடல் என்றால் கார்ப் ஹீட்டையும் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் பிடியையும்) உள்ளே தள்ளுங்கள். இப்போது மூக்கு தானாகவே வேகமாக நிமிரும், ஏனென்றால் நீங்கள் ட்ரிம் செய்துவைத்திருப்பது மெதுவாக இறங்குவதற்கு. எதிர்பார்ப்பதைவிடப் பலமாக யோக்கை முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும். கூடவே மூக்கு இடது பக்கம் இழுக்கும், வலது ரட்டர். இந்த இரண்டையும் செய்யாதவர்கள்தான் ரன்வேக்கு மேலேயே ஸ்டால் ஆகிறார்கள்.

அடுத்து ஃபிளாப்பை 20 டிகிரிக்கு எடுங்கள். முழுக்க எடுக்கக் கூடாது; ஒரேயடியாக எடுத்தால் விமானம் கீழே அமுங்கும். 60 நாட்டில் ஏறுங்கள். பிறகு 10 டிகிரி. தடைகளைத் தாண்டி, பாதுகாப்பான உயரத்தில், 65 நாட் வந்த பிறகு மீதி. பழைய செஸ்னா 150-இலும் தொடக்கக்கால 172-களிலும் ஃபிளாப் 40 டிகிரி வரை இறங்கும். அந்த நிலையில் முழு பவரிலும் விமானம் ஏறத் திணறும். பின்னால் வந்த 152-இலும் 1981-க்குப் பிந்தைய 172-களிலும் 30 டிகிரியோடு நிறுத்திவிட்டார்கள். பழைய விமானம் வாடகைக்கு எடுத்தால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரேடியோவில் சொல்வது கடைசி. யாரும் உங்கள் குரலுக்காகக் காத்திருக்கவில்லை.

எப்போது? 500 அடி வாசலில் பொருந்தாதபோது. ரன்வேயின் முதல் மூன்றில் ஒரு பங்கு தாண்டியும் சக்கரம் தொடாதபோது. பெரிய துள்ளலில். ரன்வேயில் மான், நாய், வேறு விமானம் எது வந்தாலும். ஒரே ஒரு நிலையில் மட்டும் வேண்டாம்: சக்கரம் தொட்டு, பிரேக் போட்டு, வேகம் நன்றாகக் குறைந்து, மீதி ரன்வே குறைவாக இருக்கும்போது. அப்போது மறுபடி பறக்க முயன்று முனையில் உள்ள மரத்தில் 55 நாட்டில் மோதுவதைவிட, ரன்வேயைத் தாண்டி வேலியில் 20 நாட்டில் போய் முட்டுவது எவ்வளவோ மேல். விமானம் காப்பீட்டு நிறுவனத்தின் கவலை.

மடங்கும் சக்கரம் உள்ள விமானத்துக்கு மாறும்போது

இது பின்னால் வரும் கட்டம், ஆனால் ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது பி-17 குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள் இறங்கிய பிறகு ஃபிளாப்பை எடுப்பதற்குப் பதில் சக்கரத்தை மடக்கிவிட்டு வயிற்றால் விழுந்தார்கள். அமெரிக்க இராணுவத்தில் இருந்த உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. ஒன்றின் முனையில் சின்ன ரப்பர் சக்கரத்தையும் மற்றதன் முனையில் ஃபிளாப் வடிவக் கட்டையையும் மாட்டச் சொன்னார். இன்றைக்கும் சக்கர விசையின் தலையில் குட்டிச் சக்கரம் இருப்பது இதனால்தான். அதைக் கையால் தொட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ரன்வேயை விட்டு வெளியே வந்து நிற்கும்வரை எந்த விசையையும் தொடாதீர்கள். டவுன்விண்டில் ஒருமுறை, பேஸில் ஒருமுறை, ஃபைனலில் ஒருமுறை சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் பச்சை விளக்கைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பலமாக இறங்கிவிட்டால்

விமானம் ஓடும் நிலையில் இல்லையென்றால்: மிக்ஸ்ச்சரை (எரிபொருள் கலவைப் பிடியை) முழுக்க இழுங்கள், எரிபொருள் வால்வை மூடுங்கள், மேக்னெட்டோ சாவியை (இன்ஜினுக்குத் தீப்பொறி தருவதை) அணையுங்கள், மாஸ்டர் சுவிட்சை அணையுங்கள், எல்லாரையும் இறக்கி, தூரமாகப் போங்கள். பையை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். விபத்து என்ற வரையறைக்குள் வந்தால் அமெரிக்காவில் உடனே என்.டி.எஸ்.பி.க்குத் தெரிவிக்க வேண்டும், பத்து நாளுக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். ஆளைக் காப்பாற்றவோ மேலும் சேதத்தைத் தடுக்கவோ தவிர விமானத்தை நகர்த்தக் கூடாது. இந்தியாவில் பழகுபவர்களுக்கு விசாரணை விமான விபத்து விசாரணைப் பணியகமான ஏ.ஏ.ஐ.பி. வசம், பள்ளியில் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதை முதல் சோலோவுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் ஓடுகிறது, ஆனால் இறங்கியது பலமாக இருந்தது என்றால் வேலை உங்களுடையது. நிறுத்தியதும் சுற்றிவந்து பாருங்கள். ப்ரொப்பல்லர் நுனிகளில் கீறலோ வளைவோ இருக்கிறதா? மூக்குச் சக்கரத்தின் தாங்கி சாய்ந்திருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா? டயரில் தேய்ந்த தட்டை இடம் உண்டா? இன்ஜினுக்குப் பின்னால், காக்பிட்டில் பெடல்களுக்கு முன்னால் உள்ள தகட்டில் சுருக்கம் தெரிகிறதா? வாலின் அடிப்பக்கம் உரசியிருக்கிறதா? ப்ரொப்பல்லர் தரையை லேசாகத் தொட்டிருந்தாலும் மெக்கானிக் இன்ஜினைப் பார்க்காமல் அது பறக்கக் கூடாது. உள்ளே கிராங்க்‌ஷாஃப்டில் விரிசல் விட்டிருந்தால் வெளியே எதுவும் தெரியாது.

எதுவுமே தெரியவில்லை என்றாலும் குறைகள் எழுதும் புத்தகத்தில் ‘பலமான தரையிறக்கம்’ என்று எழுதி, பள்ளியில் நேரில் சொல்லி, மெக்கானிக் பார்க்கும்வரை அந்த விமானத்தின் சாவி அடுத்த மாணவர் கைக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.